இல்லத்தரசி – 1

கலர் விலகி அச்சான பட்டாசு லேபிள்களைப் பாடப்புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள் நாம். உங்களில் பாதிப் பேருக்கு இப்போது கண்ணாடி வந்துவிட்டது. எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. போன வாரம் நம் வகுப்புத் தோழி ஒருத்தி, மகனை விடுதியில் சேர்க்க என்னென்ன வாங்க வேண்டும் என்று போனில் கேட்டாள். வாளி, பூட்டு, போர்வை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்த நான் நடுவில் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று சொல்ல அன்றைக்கு நேரமில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அண்ணன் ராணுவ அகாடமிக்குத் தேர்வானான். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் திருத்தங்கலில் இருந்தோம். அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டினார். அம்மா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். அண்ணன் கணக்கில் புலி, ஆங்கிலத்தில் சுமார். எப்படியோ பரீட்சை எழுதி, பெங்களூருக்குப் போய் ஐந்து நாள் இன்டர்வியூவில் ஓடிக் குதித்து, கயிறேறி, தேர்வாகிவிட்டான். அவன் தேர்வானதைக் கேட்ட தெருக்காரர்கள் போலீஸ் வேலை கிடைத்துவிட்டதா என்று விசாரித்தார்கள். இல்லை, மூன்று வருடம் படிக்கப் போகிறான் என்றதும் பலருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடந்த நாட்களில் அந்தத் தடித்த உறை வந்தது. டிசம்பர் கடைசியில் புனேக்குப் பக்கத்தில் போய்ச் சேர வேண்டும். அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறை. அந்த அறைக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அண்ணன் அதை வாசித்துச் சொல்லச் சொல்ல, அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு பொருள் விட்டுப்போனாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கேட்டார். மறுநாள் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்து அச்சகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

அங்கே ப்ரூப் சார் ஒருவர் இருந்தார். அச்சுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் வாசித்துத் திருத்துபவர். பட்டாசுப் பெட்டியின் எச்சரிக்கை வாசகம் முதல் கல்யாணப் பத்திரிகை வரை அவர் பார்வை படாமல் எதுவும் வெளியே போகாது. ஊரில் ஆங்கிலம் என்றால் அவர்தான். அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பட்டியல் முழுவதையும் தமிழில் பெயர்த்துக் கொடுத்தார். அப்பா அதோடு விடவில்லை. போன வருடக் காலண்டரில் மிஞ்சிய தாள்களின் வெற்றுப் பக்கத்தில் அதை அச்சடித்து, நாற்பது பிரதிகள் எடுத்து வந்துவிட்டார். முன்பக்கம் மயில்மேல் முருகன், பின்பக்கம் அண்ணனின் பட்டியல். கையால் எழுதியதை நம் ஊரில் யார் நம்புகிறார்கள், அச்சில் வந்தால்தானே செல்லும்.

உறவுக்காரர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி போனது. பிள்ளை பட்டாளத்துக்குப் போகிறான், முடிந்ததை வாங்கித் தாருங்கள் என்பது அப்பாவின் எண்ணம். யார் எதை வாங்குவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் எங்கள் வீட்டில் ஒன்பது குளியல் மக்குகள் சேர்ந்துவிட்டன. ஷூ பிரஷ் பதினான்கு. பூட்டு ஐந்து. வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றுகூட வரவில்லை. விருந்தாளிகள் ஒவ்வொருவரும் தங்கள் மக்கைப் பெருமையாக எடுத்து நீட்டும்போது, அம்மா மற்ற மக்குகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "இதத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்" என்பாள். அடுத்த சில வருடங்களுக்கு எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே மாதிரி நீல மக்கு இருக்கும்.

பட்டியலில் டிக் போடும் வேலை எனக்கு. அப்பா அச்சகத்திலிருந்து ஒரு இருமுனைப் பென்சில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். வாங்கியாயிற்று என்றால் சிவப்பு டிக், வாங்க வேண்டும் என்றால் நீல வட்டம். பொருள் வந்ததும் அண்ணனே என்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் எடுத்துவைப்பான். எட்டு வயது மூத்தவன் எனக்குக் கட்டுப்பட்டு நடந்தது அந்த ஒரு மாதம்தான்.

கறுப்பு ட்ரங்குப் பெட்டியை விருதுநகர் பஜாரில் வாங்கினோம். மூடியில் வெள்ளைப் பெயிண்டில், பெரிய எழுத்தில், ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்று விதி. அப்பா அந்த வேலையை அச்சகத்தில் லேபிள் வரையும் ஆர்ட்டிஸ்டிடம் கொடுத்தார். அவருக்குப் பூச்சட்டியும் சங்குசக்கரமும் வரைந்து பழகிய கை. வெறும் வெள்ளை எழுத்து அவருக்கு மொட்டையாகத் தெரிந்திருக்கிறது. பெட்டி திரும்பி வந்தபோது அண்ணன் பெயருக்கு மஞ்சள் நிழல் விழுந்திருந்தது, கடைசி எழுத்திலிருந்து சிவப்புப் பொறிகள் பறந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு அழகு. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பிறகு பெயிண்டைக் கரைக்கும் தின்னர் வாங்கி வந்து அவனும் நானும் ஒரு மதியம் முழுக்கத் தேய்த்தோம். எழுத்து வெள்ளையானது. ஆனால் வெயிலில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு பொறிகள் தெரியத்தான் செய்தன.

ஸ்வெட்டருக்கு மதுரை வரை போனோம். எங்கள் பக்கம் அதை யார் விற்பார்கள். குளிர்காலத்தில் மதுரை நடைபாதையில் கடை விரிக்கும் நேபாளக்காரர்களிடம் கருநீலத்தில் ஒன்று எடுத்தோம். திரும்பி வரும் பஸ்ஸில் நான்தான் அதைப் போட்டுக்கொண்டு வந்தேன். திருமங்கலம் தாண்டும்போது வேர்வையில் நனைந்துவிட்டேன், கழற்ற மட்டும் மனமில்லை.

இப்படி எல்லாவற்றுக்கும் சிவப்பு டிக் விழுந்துவிட்டது. ஒன்றே ஒன்று மிஞ்சியது. பட்டியலின் கடைசிக்கு முந்தைய வரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் அதை உரக்க வாசித்தேன்.

"இல்லத்தரசி, ஒன்று."

அப்பாவின் கை இலையிலேயே நின்றது. நாற்பது பிரதிகள் ஊரெல்லாம் போயும் அந்த வரியை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் மக்கோடு நிறுத்திவிட்டார்கள். அப்பா எச்சில் கையோடு எழுந்துபோய் ஆங்கிலப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். அதிலும் அப்படித்தான் இருந்தது. ஹவுஸ்வைஃப், ஒன்று. கல்யாணம் ஆகாதவனாக இருக்க வேண்டும் என்று முதல் தாளில் கண்டிப்பாகப் போட்டிருக்கிறார்களே, பிறகு எப்படி என்று குழம்பினார். அண்ணனைக் கேட்டார். அண்ணன் தெரியவில்லை, விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணனைத் தனியாக அனுப்புவதென்று அப்பா ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். டிசம்பர் மாதம் காலண்டர் சீசன். மெஷின் இராப்பகலாக ஓடும். மெஷின்காரர் லீவு கேட்க முடியாது. அம்மாவுக்கோ கம்பெனி லீவு, ஆனால் அம்மா போவதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. மதுரையைத் தாண்டி அவள் எங்கும் போனதில்லை. மகன் இருக்கப்போகும் இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று அவள் அத்தையிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அப்பாவிடம் அவள் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ப்ரூப் சார் அகராதியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையடக்க அகராதி. பக்கத்தைப் பிரித்து விரலை வைத்து அப்பாவுக்குக் காட்டினார். வீட்டை நிர்வகிக்கும் பெண் என்று ஒரே ஒரு பொருள்தான் போட்டிருந்தது. அவர் யோசித்து வைத்திருந்த விளக்கமும் தெளிவாக இருந்தது. சின்னப் பையன்கள் முதல்முறையாக வீட்டைவிட்டு வருகிறார்கள். அறையை ஒழுங்குபண்ணி, துணிமணியை அடுக்கிக் கொடுக்க வீட்டுப் பெண் ஒருவர் கூட வர வேண்டும் என்று கேட்கிறார்கள். அதைத்தான் ராணுவத்தில் சுருக்கமாக அப்படிப் போடுவார்கள்.

அத்தை அப்போது எங்கள் வீட்டில் இருந்தாள். அப்பாவின் அக்கா, இரண்டு தெரு தள்ளி இருப்பவள். அவள் உடனே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்படின்னா நாந்தான போகணும். இவ கம்பெனிக்குப் போறவ. வீட்டுல இருக்கவ நான்."

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டு பூண்டு உரித்தாள். அப்பா ப்ரூப் சாரைப் பார்த்தார். ப்ரூப் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு, கம்பெனி தீபாவளியோடு மூடியாயிற்று, இனித் திறக்கத் தை ஆகும், ஆகவே டிசம்பர் மாதத்தைப் பொறுத்தவரை அம்மாவும் இல்லத்தரசிதான் என்று தீர்ப்புச் சொன்னார். அப்பாவுக்கு வேறு கவலை. போகும்போது பையன் துணை இருக்கிறான், திரும்பி வரும்போது ஒன்றரை நாள் ரயிலில் இவள் எப்படித் தனியாக வருவாள் என்று கேட்டார். ஆள் வரவில்லை என்று பையனைச் சேர்த்துக்கொள்ளாமல் விட்டால் என்ன செய்வது என்று ப்ரூப் சார் திருப்பிக் கேட்டார்.

அண்ணன் மூலையில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"அம்மாதான் வரணும்."

அம்மா பூண்டை முறத்தில் வைத்துவிட்டு, திரும்பி வரும்போது இங்கிலீஷ் போர்டு வாசிக்கச் சின்னவள் கூட வரட்டும், அவளுக்கு அரைப்பரீட்சை லீவுதானே என்றாள். அப்போதுதான் அவள் முதன்முதலாக வாயைத் திறந்தாள். அவ்வளவு வேகமாக அவள் ஒரு யோசனை சொன்னதை நான் கேட்டதில்லை. அன்றைக்கே என் பென்சிலால் அந்த வரிக்குச் சிவப்பு டிக் போட்டேன்.

கிளம்புவதற்கு முதல்நாள் மதியம் அம்மா பெட்டியை அடுக்கினாள். விரிப்பு, சட்டை, ஸ்வெட்டர், கோட் மாட்டும் ஹேங்கர், எல்லாம் இஞ்ச் பிசகாமல் உட்கார்ந்தன. ஒரு பெட்டியில் பத்து வகைப் பட்டாசை ஆடாமல் அசையாமல் அடுக்குகிற கை அது. பாதியில் என்னைக் கூப்பிட்டு அந்துருண்டை வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வருவதற்குள் பெட்டியைப் பூட்டிவிட்டாள். அந்துருண்டை வேண்டாமா என்று கேட்டேன், அங்கே போய்ப் போட்டுக்கொள்வான் என்றாள்.

விருதுநகரில் வண்டி ஏறினோம். அப்பா மை படிந்த கையோடு அச்சகத்திலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்து, ஜன்னல் வழியாக அண்ணனின் தலையைத் தொட்டுவிட்டு, வண்டி நகருமுன்பே திரும்பி நடந்தார். அன்றைக்கு அது எனக்குக் கோபமாக இருந்தது. அவர் முகத்தைக் காட்டாமல் போனதன் காரணம் எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

அந்தக் காலைக் குளிர் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. புனேயில் இறங்கியதும் வாயைத் திறந்தால் புகை வந்தது. நானும் அம்மாவும் ஒருவர்மேல் ஒருவர் புகை விட்டு விளையாடினோம். அகாடமியின் வாசலைத் தாண்டினால் சுற்றிலும் மலை, நடுவில் ஏரி, புல்லைக்கூட அளந்து வெட்டியிருந்தார்கள். ஒரு நீண்ட வராண்டாவில் மேசைகள் போட்டிருந்தன. எங்களைப் போலவே பெட்டியும் கையுமாகப் பல ஊர்க்காரர்கள். அப்பாக்கள் அதிகம் இருந்தார்கள், அம்மாக்கள் சிலர்தான். எல்லா வீட்டிலும் ஹவுஸ்வைஃபைக் கொண்டுவரவில்லையே, இவர்களையெல்லாம் என்ன செய்வார்கள் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

எங்கள் முறை வந்தது. முறுக்கு மீசை வைத்த ஹவில்தார் ஒருவர் பட்டியலைப் பார்த்துக் கட்டைக் குரலில் ஒவ்வொன்றாக வாசிக்க, அண்ணன் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். பூட்டு. பிரஷ். ஹேங்கர். பட்டியல் முடியப்போகும்போது அவர் வாசித்தார்.

"ஹவுஸ்வைஃப்?"

அம்மா அசையவில்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, நான் அவள் கையைப் பிடித்து இழுத்து மேசைக்கு முன்னால் நிறுத்தினேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த மாதிரி, நிமிர்ந்து நின்று, "திஸ் இஸ் ஹவுஸ்வைஃப்" என்றேன்.

ஹவில்தாரின் மீசை முதலில் ஆடியது. பிறகு அவர் சிரித்தார் பாருங்கள், பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். அவர் சிரிப்பில் கேலி இல்லை. எழுந்து தன் நாற்காலியை அம்மாவுக்குப் போட்டு, மாதாஜி என்று ஏதோ சொல்லி உட்காரச் சொன்னார். எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வந்தது. அப்போதும் எனக்கு விஷயம் தெரியாது.

அண்ணன் சிவந்துபோன முகத்தோடு பெட்டியின் ஓரத்தில் கையை விட்டு, வெளுத்த பச்சைத்துணியில் சுருட்டிய சின்னப் பை ஒன்றை எடுத்தான். ஊசி, நூல், பொத்தான் வைத்திருக்கும் தையல் பை. பட்டாளத்தில் அதற்குப் பெயர்தான் ஹவுஸ்வைஃப். அதை மேசையில் விரித்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே ஆறு ஊசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. ஒவ்வொன்றிலும் நூல் கோத்து முடிச்சுப் போட்டிருந்தது. இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு, இரண்டு காக்கி. அவன் அதில் வைத்திருந்தது ஒரே ஒரு ஊசியும் ஒரு நூல்கண்டும்தான்.

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவசரத்துல உனக்கு ஊசி கோக்க வராதுல்ல. அதான்" என்றாள்.

"ஒனக்கு எப்பம்மா தெரியும்?"

"நீ விசாரிக்கன்னு சைக்கிள்ல போன மறுநாளு."

நடந்தது இதுதான். அம்மாவின் கம்பெனி வாட்ச்மேன் முன்னாள் பட்டாளக்காரர். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சைக்கிளில் போனது அவரிடம்தான். அவர் சிரித்துவிட்டு, தான் பட்டாளத்தில் வைத்திருந்த பழைய பையையே எடுத்துக் கொடுத்திருக்கிறார். அண்ணன் அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்து, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான். அம்மா வர வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு ஆசை. மறுநாள் அம்மா கம்பெனியில் கூலிப் பாக்கி வாங்கப் போனபோது அதே கேள்வியை அதே ஆளிடம் கேட்டிருக்கிறாள். அவர் அவளுக்கும் உண்மையைச் சொன்னார். ஒருவர் வந்து கேட்டதை மட்டும் அவர் மற்றவரிடம் சொல்லவில்லை. மகன் எதற்காக மறைத்தான் என்று பெட்டி அடுக்கும்போது பை கையில் கிடைத்ததும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவளும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணனின் அறையைப் பார்க்க எங்களை விட்டார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு அலமாரி, மலையைப் பார்த்த ஜன்னல். அம்மா கட்டிலில் உட்கார்ந்து கையால் அழுத்திப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து மூடினாள். குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்து, உப்பு இல்லை என்றாள். நான்காவது நிமிடம் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அண்ணன் அழவில்லை. அம்மாவும் அழவில்லை. நான் மட்டும் பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்த ஒன்றரை நாளும் நான் ஒரு போர்டைக்கூட வாசிக்க வேண்டியிருக்கவில்லை. ரயிலில் எங்கள் பலகையில் ஒரு பெரிய குடும்பம் ஏறி உட்கார்ந்திருந்தது. என்ன மொழியென்றே தெரியவில்லை. அம்மா சண்டை போடவில்லை. முறுக்கு டப்பாவைத் திறந்து சுற்றிலும் நீட்டினாள். அரைமணி நேரத்தில் அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்ததோடு, ஒரு கைக்குழந்தையையும் அம்மா மடியில் போட்டுவிட்டார்கள். டீக்காரரிடம் மிச்சச் சில்லறை கேட்டு வாங்கினாள். ஒரு ஸ்டேஷனில் கொய்யாப்பழம் விற்றவளிடம் விரலாலேயே பேரம் பேசி ஜெயித்தாள். அவள் தனியாக எப்படி வருவாள் என்று அப்பா பயந்தாரே, அந்தப் பயத்தை நினைத்து இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவளைப் பற்றி எங்கள் யாருக்குமே சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. அப்பா, அத்தை, பக்கத்து வீட்டார், எல்லோருக்கும் முன்னால் ப்ரூப் சார். அம்மா தரையில் உட்கார்ந்து, மலை, ஏரி, குளிர், உப்பில்லாத தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னாள். மேசையில் பட்டியலை வாசித்தபோது ஹவுஸ்வைஃப் என்று கூப்பிட்டார்களா என்று ப்ரூப் சார் கேட்டார்.

"கூப்பிட்டாக" என்றாள் அம்மா. "முன்னால போயி நின்னேன். சேர் போட்டு உக்கார வச்சாக. டிக் அடிச்சாக."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ப்ரூப் சார் கூட்டத்தைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அப்பா அவருக்கு இன்னொரு காப்பி கொடுக்கச் சொன்னார். அத்தை மட்டும் விடவில்லை. அவ்வளவு தூரம் கூப்பிட்டுவிட்டு என்ன வேலைதான் கொடுத்தார்கள் என்று கேட்டாள்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் எதையும் மறைக்கச் சொல்லி என்னிடம் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

"ரூம்ல மெத்த விரிக்கச் சொன்னாக" என்றேன். "அம்மா விரிச்சுச்சு. ஒரு ஆபீசர் வந்து பாத்துட்டு, மத்த அம்மாமாரையெல்லாம் கூட்டியாந்து, இப்படித்தான் விரிக்கணும்னு காட்டுனாரு."

அத்தை மூக்கில் விரல் வைத்தாள். ப்ரூப் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு எழுந்து, காப்பி போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் ஓடினாள். உள்ளே தட்டும் டம்ளரும் சட்டியும் ஒன்றின்மேல் ஒன்று உருண்டு விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு காப்பிக்கு எதற்கு இத்தனை பாத்திரம் என்று அப்பா என்னிடம் கேட்டார்.